மூணாவது வருஷம் முடிஞ்சா மூட்டையைக் கட்டு: பேலா குட்மன் கதை

ஹாஸ்டல் டிவி ரூமில் உட்கார்ந்து மேட்ச் பார்த்தவங்களுக்குத் தெரியும். நமக்குப் பிடிச்ச டீம் வரிசையா நாலு மேட்ச் தோத்தாப் போதும். பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வரும், கோச்சைத் தூக்கணும்னு. அஞ்சாவது மேட்ச்சும் போச்சுன்னா முன் வரிசையும் சேர்ந்துக்கும். ஆறாவது வாரம் கிளப் நிர்வாகமே அதைச் செஞ்சிடும். புதுசா ஒருத்தர் வருவார், முதல் மேட்ச் ஜெயிப்பாங்க, டிவி ரூம் மொத்தமும் பார்த்தியா நான் சொன்னேன்ல என்று குதிக்கும்.

உண்மையிலேயே கோச்சை மாத்தினா டீம் மாறுமா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடப்போய்த்தான் நான் பேலா குட்மன் என்ற மனுஷனிடம் மாட்டிக்கிட்டேன். கிட்டத்தட்ட 40 வருஷத்தில் 20-க்கும் மேற்பட்ட அணிகளுக்குக் கோச்சாக இருந்தவர். சிலர் அவரைத் தூக்கினாங்க. பல இடத்தில் அவரே கோட்டை மாட்டிக்கிட்டு வெளியே போயிட்டார். கோச் மாறினா என்ன ஆகும் என்பதற்கு ஒரே ஆளோட வாழ்க்கையில் இவ்வளவு சாம்பிள் வேற யார்கிட்டயும் கிடைக்காது.

1899 ஜனவரி 27, புடாபெஸ்ட். யூதக் குடும்பம். அப்பா அம்மா ரெண்டு பேரும் நடனம் சொல்லிக் கொடுக்கிறவங்க. பையனும் 16 வயசிலேயே நடன ஆசிரியராகத் தகுதி வாங்கிட்டான். ஆனா கால் போனது வேற பக்கம். எம்டிகே புடாபெஸ்ட் அணியில் சென்டர் ஹாஃப். 1920, 1921 ரெண்டு வருஷமும் ஹங்கேரி லீக் பட்டம். அந்தக் காலத்து ஹங்கேரியில் ஹோர்த்தி ஆட்சி, யூதர்கள் மேல் வெறுப்பு தெருவுக்கே வந்திருந்த நேரம். 1922-ல் குட்மன் வியன்னாவுக்குக் கிளம்பிட்டார். அங்கே ஹகோவா என்று யூதர்களே நடத்திய கிளப். ஹீப்ரு மொழியில் அந்தப் பேருக்கு வலிமை என்று அர்த்தம். 1925-ல் ஹகோவா ஆஸ்திரியா லீக்கை ஜெயிச்சது.

இவர் எப்படிப்பட்ட ஆள் என்பதற்கு 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸ் கதை ஒண்ணு போதும். ஹங்கேரி டீமோடு ஆட வந்தவங்களைவிட அதிகாரிகள் கூட்டம் பெரிசா இருந்ததாம். தங்கின ஹோட்டலும் ராத்திரி பூராக் கூத்தடிக்கிறதுக்குச் சரி, ஆடப்போறவன் தூங்குறதுக்குச் சரிப்படாது. குட்மன் புகார் எழுதிக்கிட்டு உட்காரலை. செத்த எலிகளைக் கட்டித் தூக்கி அதிகாரிகளோட அறைக் கதவுகளில் தொங்கவிட்டுட்டார். ஹங்கேரி எகிப்துகிட்ட 0-3 என்று தோத்து வீட்டுக்கு வந்தது. குட்மன் அதுக்கப்புறம் நாட்டுக்காக ஆடவே இல்லை.

1926-ல் ஹகோவா அமெரிக்காவுக்குப் பயணம் போனது. நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸில் ஒரு மேட்ச்சுக்கு 46,000 பேர் கூடினாங்க. அந்தக் கூட்டத்தையும் டாலரையும் பார்த்த பல வீரர்கள் அங்கேயே தங்கிட்டாங்க. குட்மனும்தான். நியூயார்க் கிளப்புகளில் ஆடினார், மதுவிலக்கு காலத்தில் ஒரு ரகசிய மதுக்கடையில் பங்கு வச்சிருந்தார், ஷேர் மார்க்கெட்டில் பணம் போட்டார். 1929-ல் மார்க்கெட் விழுந்தப்போ எல்லாம் போச்சு. பணம் விஷயத்தில் பின்னாடி அவர் காட்டின பிடிவாதத்துக்கு விதை அங்கேதான் விழுந்திருக்கும்னு எனக்குத் தோணுது.

1933-ல் ஹகோவாவுக்கே கோச். அப்புறம் நெதர்லாந்தில் என்ஷ்கெடே. அப்புறம் புடாபெஸ்டுக்குத் திரும்பி உய்பெஷ்ட். 1939-ல் உய்பெஷ்ட் ஹங்கேரி லீக்கையும் ஜெயிச்சது, மத்திய ஐரோப்பாவின் பெரிய கோப்பையான மித்ரோபா கோப்பையையும் ஜெயிச்சது. அவ்வளவு பெரிய வெற்றிக்கு அப்புறம் வேலை இல்லை. காரணம் ஆட்டம் இல்லை, பிறப்பு. யூதர்களுக்கு எதிரான சட்டங்கள் வந்துடுச்சு.

அடுத்த ஆறு வருஷத்தைப் பத்தி குட்மன் வாழ்நாள் பூரா ரொம்பக் குறைவாத்தான் பேசினார். பின்னாடி ஆராய்ந்தவங்க தோண்டி எடுத்தது இதுதான்: 1944-ல் உய்பெஷ்ட் பகுதியில் ஒரு வீட்டுப் பரணில் ஒளிஞ்சிருந்தார். பிறகு கட்டாய உழைப்பு முகாமில் சிக்கினார். சாவுக்கு அனுப்பப்போறாங்கன்னு தெரிஞ்சதும் சிலரோடு சேர்ந்து ஜன்னல் வழியா குதிச்சுத் தப்பினார். கூடக் குதிச்சவர்களில் ஒருத்தர் எர்னோ எர்ப்ஸ்டைன். பின்னாளில் இத்தாலியின் மகத்தான டொரினோ அணியை உருவாக்கி, 1949 விமான விபத்தில் அந்த அணியோடவே செத்துப்போன அதே எர்ப்ஸ்டைன். குட்மனோட அப்பாவும் அக்கா தங்கை உறவுகளும் ஆஷ்விட்ஸிலிருந்து திரும்பலை. இதைப் படிச்சிட்டு, ஒரு கிளப் தலைவர் முறைச்சதுக்கெல்லாம் இந்த ஆள் ஏன் பயப்படவே இல்லைன்னு யாராவது கேட்டா எனக்குச் சிரிப்புதான் வரும்.

போர் முடிஞ்சதும் ருமேனியாவில் ஒரு வேலை. பணத்துக்கு மதிப்பே இல்லாத நேரம், அதனால் சம்பளத்தைச் சாப்பாட்டுப் பொருளாகக் கேட்டு வாங்கினாராம். 1947-ல் மறுபடி உய்பெஷ்டுக்கு லீக் பட்டம். அடுத்து கிஷ்பெஷ்ட். இங்கேதான் நம்ம கேள்விக்கு முதல் சாம்பிள்.

கிஷ்பெஷ்டில் குட்மனுக்கு முன்னாடி கோச்சாக இருந்தவர் புஷ்காஸ். அதாவது நமக்குத் தெரிஞ்ச ஃபெரென்ஸ் புஷ்காஸோட அப்பா. ஒவ்வொரு வருஷமும் சிறந்த கோலுக்கு ஃபிஃபா கொடுக்கிற விருது மகன் பேரில்தான் இருக்கு. மகன் அப்போ இருபது வயசு சொச்சம், ஆனா டீமே அவன் சொல்படி. ஒரு மேட்ச்சில் டிஃபெண்டர் ஒருத்தன் முரட்டுத்தனமா ஆடிக்கிட்டிருந்தான். குட்மன் இடைவேளையில் அவனை இனி இறங்க வேண்டாம்னுட்டார். அந்தக் காலத்தில் மாற்று ஆட்டக்காரர் கிடையாது, பத்து பேரோடு ஆடியாகணும். புஷ்காஸ் அவனைப் பார்த்து நீ வா, ஆடு என்றான். அவனும் இறங்கிட்டான். குட்மன் சண்டை போடலை. கேலரியில் போய் உட்கார்ந்தார், குதிரைப் பந்தயப் பேப்பரை விரிச்சு மேட்ச் முடியுற வரைக்கும் படிச்சார், டிராம் ஏறி வீட்டுக்குப் போனார். திரும்பி வரவே இல்லை.

இதில் யார் பக்கம் நியாயம்? என் ரூம்மேட் புஷ்காஸ் பக்கம். பத்து பேரா ஆடினா தோல்வி உறுதின்னு அவன் வாதம். நான் குட்மன் பக்கம். கோச் சொன்னதை ஒரு பிளேயர் டிரெஸ்ஸிங் ரூமில் எல்லார் முன்னாடியும் மாத்திட்டான்னா, அந்த நிமிஷமே கோச் மாறியாச்சு. போர்டில் பேர் மாறலைங்கிறது வெறும் பேப்பர் வேலை. அதுக்கப்புறம் கிஷ்பெஷ்ட் என்ன ஆச்சுன்னா, 1949-ல் ராணுவம் அதை எடுத்துக்கிட்டு ஹோன்வெட் என்று பேர் மாத்தி, நாட்டின் நல்ல வீரர்கள் பலரையும் அதில் சேர்த்து, ஐரோப்பாவே பயப்படுற டீம் ஆக்கினது. கோச் போனதால் அந்தக் கிளப்புக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

அப்புறம் ஒரு நாடோடி வாழ்க்கை. படோவா, ட்ரியஸ்தினா, அர்ஜென்டினாவில் கில்மெஸ், சைப்ரஸில் அப்போயல். 1953 கடைசியில் ஏசி மிலன். இது ரெண்டாவது சாம்பிள், என் கணக்கில் ரொம்ப விசித்திரமானது. நோர்டால், லீட்ஹோல்ம், ஸ்கியாஃபினோ எல்லாம் இருந்த டீம். 1954-55 சீசனில் 19 ஆட்டம் முடிஞ்சிருக்கு, மிலன் பட்டியலில் முதலிடம். 1955 பிப்ரவரியில் குட்மனைத் தூக்கிட்டாங்க! நிர்வாகத்தோடு ஒத்துப்போகலை. அவருக்கு பதிலா வந்தவர் பூரிசெல்லி. மிலன் அந்த வருஷம் பட்டம் ஜெயிச்சது.

இப்போ சொல்லுங்க, அந்தப் பட்டம் யாரோடது? பூரிசெல்லி கெடுக்காம ஓட்டினதுக்குப் பாராட்டு உண்டு. ஆனா வண்டி ஏற்கெனவே டாப் கியரில் போயிட்டிருந்தது. டிரைவர் மாறின கையோட வண்டி நின்னுடாது. குட்மனுக்கு இது ரொம்ப நாள் வலிச்சிருக்கு. அதுக்கப்புறம் போட்ட ஒப்பந்தங்களில், அணி முதலிடத்தில் இருக்கும்போது தன்னை நீக்கக் கூடாது என்று ஒரு ஷரத்து எழுதிக்கிட்டார்.

1956-ல் ஹங்கேரியில் புரட்சி, சோவியத் டாங்கிகள். அப்போ வெளிநாட்டில் இருந்த ஹோன்வெட் டீம் ஊருக்குத் திரும்பாம சுத்திக்கிட்டிருந்தது. அந்த டீமை பிரேசிலுக்குக் கூட்டிட்டுப் போனது குட்மன். ஆமாம், புஷ்காஸ் இருந்த அதே டீம். பழைய டிராம் கதையெல்லாம் ஓரமா வச்சிட்டாங்க போல. மத்தவங்க ஐரோப்பா திரும்பினாங்க, குட்மன் சாவ் பாவ்லோ கிளப்பில் தங்கி 1957-ல் அந்த மாநிலப் பட்டத்தை ஜெயிச்சுக் கொடுத்தார். அவர்கூட வேலை பார்த்த விசென்டே ஃபியோலா அடுத்த வருஷம் பிரேசிலுக்கு முதல் உலகக் கோப்பையை வாங்கித் தந்தார். 4-2-4 முறையை பிரேசிலுக்குக் கொண்டுபோனதே குட்மன்தான்னு சிலர் எழுதுறாங்க. அது கொஞ்சம் ஓவர். அங்கே ஏற்கெனவே அந்தப் பாணி முளைச்சிருந்தது, இவர் தண்ணி ஊத்தினார்னு சொல்லலாம்.

இங்கே ஒரு தகவல். சாவ் பாவ்லோ அடுத்து அந்தப் பட்டத்தை ஜெயிச்சது 1970-ல். 13 வருஷம்! குட்மன் போனதால்தான்னு உடனே சொல்லிடாதீங்க. அந்த வருஷங்களில் கிளப்போட காசெல்லாம் மொரும்பி என்ற பிரம்மாண்ட ஸ்டேடியம் கட்டுறதுக்குப் போச்சு. எதிரில் சான்டோஸ் அணியில் பெலே என்று ஒரு பையன் வேற.

1958-ல் போர்ச்சுகல், போர்ட்டோ அணி. சீசன் நடுவில் வந்தவர், முன்னாடி ஓடிக்கிட்டிருந்த பென்ஃபிகாவைத் துரத்திப் பிடிச்சார். கடைசி நாள் ரெண்டு அணியும் சம புள்ளி. போர்ட்டோ 3-0 என்று ஜெயிச்சு முடிச்சிட்டு மைதானத்திலேயே காத்திருக்காங்க, பென்ஃபிகா மேட்ச் இன்னும் முடியலை. அது 7-1 என்று முடிஞ்சது. கோல் வித்தியாசத்தில் ஒரே ஒரு கோல் கூடுதல், பட்டம் போர்ட்டோவுக்கு. ஊரே கொண்டாடிக்கிட்டிருக்க, குட்மன் லிஸ்பனுக்குப் போய் அதே பென்ஃபிகாவில் கையெழுத்துப் போட்டார். எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்க.

போர்ட்டோ அடுத்து லீக் ஜெயிச்சது 1978-ல். 19 வருஷம் கழிச்சு. இந்த எண்ணை மனசில் வச்சுக்கோங்க, திரும்ப வர்றேன்.

பென்ஃபிகாவில் முதல் வேலையா சுமார் 20 சீனியர் வீரர்களை வெளியே அனுப்பி, இளசுகளை மேலே கொண்டுவந்தார். 1960, 1961 ரெண்டு வருஷமும் லீக் பட்டம். யுசேபியோ கிடைச்ச கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்: லிஸ்பனில் ஒரு சலூனில் முடி வெட்டிக்க உட்கார்ந்தப்போ, சாவ் பாவ்லோவில் குட்மன்கிட்ட இருந்த பாவர் தற்செயலா அங்கே வந்து, மொசாம்பிக்கில் ஒரு பையனைப் பார்த்தேன்னு சொன்னது. அந்தப் பையன் ஆடிக்கிட்டிருந்ததோ போட்டி கிளப்பான ஸ்போர்ட்டிங்கோட கிளை அணியில். 1960 டிசம்பரில் ரகசியமா லிஸ்பனுக்குக் கொண்டுவந்து, ரூத் என்ற பெண் பேரைக் குறியீடா வச்சு, தெற்குக் கடற்கரையில் ஒளிச்சு வச்சாங்க. சினிமா தோத்தது.

1961 மே 31, பெர்ன் நகரம், ஐரோப்பியக் கோப்பை ஃபைனல். எதிரில் பார்சிலோனா. அதே மைதானத்தில்தான் 1954 உலகக் கோப்பை ஃபைனலில் ஹங்கேரி 2-3 என்று தோத்தது. அன்னைக்குத் தோத்த கோச்சிஷும் சிபோரும் இப்போ பார்சிலோனாவில். ரெண்டு பேரும் கோல் போட்டாங்க. பார்சிலோனா உதைச்ச பந்து போஸ்ட்டில் திரும்பத் திரும்ப மோதித் தெறிச்சது. ஸ்கோர் மறுபடி 2-3. பாவம், ஒரே மைதானத்தில் ஒரே கணக்கில் ரெண்டு தடவை.

அடுத்த வருஷம் மே 2, ஆம்ஸ்டர்டாம், ரியல் மாட்ரிட். மாட்ரிட் பக்கம் நம்ம புஷ்காஸ். இடைவேளைக்குள்ளேயே ஹாட்ரிக், 3-2. குட்மன் இடைவேளையில் டி ஸ்டெஃபானோவுக்குக் காவலா கவேமை நிறுத்தினார். பந்து புஷ்காஸுக்குப் போகிற குழாயையே அடைச்ச மாதிரி. முடிவு 5-3 பென்ஃபிகா, கடைசி ரெண்டு கோல் 20 வயசு யுசேபியோ. மேட்ச் முடிஞ்சதும் புஷ்காஸ் தன் சட்டையைக் கழட்டி அந்தப் பையனுக்குக் கொடுத்தார்.

குட்மனுக்கு ஒரு கொள்கை இருந்தது: ஒரு கிளப்பில் மூணாவது வருஷம் விஷம். முதல் வருஷம் கோச் சொல்றது புதுசு. ரெண்டாவது வருஷம் அது பழக்கமா இறங்கும். மூணாவது வருஷம் வீரர்களுக்கு இவர் பேச்சு மனப்பாடம், எதிரணிக்கும் இவர் டெக்னிக் மனப்பாடம். பென்ஃபிகாவில் 1961-62 அவரோட மூணாவது சீசன். ஐரோப்பாவை ஜெயிச்சாங்க, ஆனா உள்ளூர் லீக்கில் மூணாவது இடம். கொள்கை பாதி பலிச்சது.

ரெண்டு தடவை ஐரோப்பிய சாம்பியன். குட்மன் போய்க் கூடுதல் பணம் கேட்டார். ஒப்பந்தத்தில் அப்படி ஒண்ணும் இல்லைன்னு கையை விரிச்சிட்டாங்க. அவர் கிளம்பிட்டார். போகும்போது, இன்னும் நூறு வருஷத்துக்கு பென்ஃபிகா ஐரோப்பிய சாம்பியன் ஆகாதுன்னு சாபம் விட்டதா கதை. உண்மையா அப்படிச் சொன்னாரா, பின்னாடி ஒட்டவச்சாங்களா என்பது பெரிய சர்ச்சை. ஆனா கணக்கு பயமுறுத்துது. ஐரோப்பியக் கோப்பை ஃபைனலில் 1963, 1965, 1968, 1988, 1990. யுஇஎஃப்ஏ கோப்பையில் 1983. யூரோப்பா லீக்கில் 2013, 2014. எட்டு ஃபைனல், எட்டும் தோல்வி.

சாபக் கதை செம இன்ட்ரஸ்டிங், ஒத்துக்கிறேன். ஆனா அதே அட்டவணையைத் திருப்பிப் பாருங்க. 1959-60-லிருந்து 1968-69 வரை பத்து சீசன். பென்ஃபிகா எட்டு தடவை லீக் சாம்பியன். தவறவிட்ட ரெண்டு சீசன் எது? 1961-62, 1965-66. முதலாவதில் கோச் குட்மன். ரெண்டாவதிலும் குட்மன்தான்! 1965-ல் மறுபடி கூப்பிட்டாங்க, வந்தார். அந்த சீசனில்தான் ஜார்ஜ் பெஸ்ட் இருந்த மான்செஸ்டர் யுனைடெட் லிஸ்பனுக்கே வந்து 5-1 என்று அடிச்சிட்டுப் போனது. அவர் விட்டுட்டுப் போன உடனே வந்த சிலி நாட்டு ரியெரா முதல் வருஷமே லீக்கையும் ஜெயிச்சு ஐரோப்பிய ஃபைனலுக்கும் போனார். அதாவது கோச் போனதால் பென்ஃபிகா சரியலை. அவர் நட்ட மரம் அவர் இல்லாமலே காய்ச்சது.

இப்போ போர்ட்டோவுக்கு வருவோம். அங்கே 19 வருஷ வறட்சி. அந்த வறட்சிக்குள்ளேயே 1973-ல் குட்மனை மறுபடி கூட்டிட்டு வந்தாங்க, அப்பவும் பட்டம் கிடைக்கலை. ஆனா போர்ட்டோ சாபம்னு யாராவது பேசிக் கேட்டிருக்கீங்களா? தோத்த ஃபைனல்தான் கதையாகும். ஃபைனலுக்கே வராதவனைப் பத்தி யாருக்குக் கவலை?

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர் எழுதினவங்களுக்கு இது புரியும். கோச் மாற்றம் ஒரு ஸ்டெப் இன்புட். உடனே ஒரு ஓவர்ஷூட் வரும், நாம அதைப் பார்த்துக் கைதட்டுவோம். சிஸ்டம் எங்கே செட்டில் ஆகும் என்பதைத் தீர்மானிக்கிறது உள்ளே இருக்கிற வீரர்கள், பணம், இளைஞர்களை வளர்க்கிற ஏற்பாடு. நெதர்லாந்து லீக்கை எடுத்து ஆராய்ந்த பொருளாதார நிபுணர்கள், சரிவில் கோச்சை மாத்தின அணியையும், அதே அளவு சரிஞ்சும் மாத்தாத அணியையும் ஒப்பிட்டுப் பார்த்தாங்க. ரெண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் மீண்டு வந்திருக்கு. நாலு மேட்ச் தோல்வியில் பாதி துரதிர்ஷ்டம், அது தானாவே தீர்ந்துபோகும். டிவி ரூம் பின்வரிசைக்கு இதைச் சொன்னா அடிக்க வருவாங்க.

அப்போ கோச்சே வேண்டாமா? அப்படியும் சொல்ல முடியலை. 20 பேரை வெளியே அனுப்பி, ஒரு சலூன் பேச்சை நம்பி மொசாம்பிக் பையனைத் தேடிப் போன வேலையை ரியெரா செய்யலை, குட்மன் செஞ்சார். அந்த வேலையோட பலன் மேட்ச் ரிசல்ட்டில் அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெரியாது, அஞ்சு வருஷம் கழிச்சு வேற ஒருத்தர் பேரில் தெரியும். அந்த ஆளுக்குக் கூலி கொடுக்க மறுத்ததுதான் எனக்கு இந்தக் கதையில் உறுத்துது. ஒரு பங்கைக் கொடுத்திருந்தா சாபமும் இல்லை, சர்ச்சையும் இல்லை.

மீதி வாழ்க்கை வேகமா ஓடிடும். 1962-ல் உருகுவேயின் பெனரோல், தென் அமெரிக்க ஃபைனலில் பெலேயோட சான்டோஸிடம் தோல்வி. கொஞ்ச நாள் ஆஸ்திரிய தேசிய அணி. சுவிட்சர்லாந்து, கிரீஸ், மறுபடி வியன்னா. 1981 ஆகஸ்ட் 28-ல் வியன்னாவில் இறந்து, அங்கேயே யூதர் கல்லறையில் அடக்கமானார்.

1990 ஐரோப்பியக் கோப்பை ஃபைனல் நடந்தது அதே வியன்னாவில். மேட்ச்சுக்கு முன்னாடி யுசேபியோ அந்தக் கல்லறைக்குப் போய் நின்னு, சாபம் தீரணும்னு வேண்டிக்கிட்டார். மிலன் 1-0 என்று ஜெயிச்சது. ஆமாம், 1955-ல் முதலிடத்தில் இருந்தப்போ அவரைத் தூக்கின அதே மிலன்.

2014-ல் அவரோட 115-வது பிறந்தநாளை ஒட்டி பென்ஃபிகா தன் ஸ்டேடியத்தில் சிலை வச்சது. கையில் ரெண்டு கோப்பையோடு நிக்கிறார். அந்த மே மாசமே டூரினில் யூரோப்பா லீக் ஃபைனல், கோல் இல்லாம டிரா, பெனால்டியில் செவியாவிடம் தோல்வி.